டிசைன் குழுவுக்கு லீடாகச் சொல்கிறார்கள், ஏற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஆப், வெப்சைட் டிசைன் செய்து வருகிறேன். இப்போது நான்கு பேர் கொண்ட குழுவுக்கு லீடாக இருக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஸ்கிரீன் முன் உட்கார்ந்து வேலை செய்வதுதான். ஏற்றுக்கொண்டால் அது கைவிட்டுப் போய்விடுமா? மறுத்தால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடுமா? ஏற்றால் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

இரண்டாவது பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மறுத்தால் வளர்ச்சி நிற்குமா என்பது உங்களைவிட உங்கள் நிறுவனத்தைப் பொறுத்தது. டிசைனர்களுக்கு இரண்டு ஏணிகள் வைத்திருப்பதாக இன்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. ஒன்றில் லீட், மேனேஜர், டைரக்டர் என்று ஆட்களை நடத்திக்கொண்டு ஏறலாம். இன்னொன்றில் சீனியர், ஸ்டாஃப், பிரின்சிபல் என்று, யாருக்கும் மேலதிகாரியாக இல்லாமலேயே ஏறலாம். காகிதத்தில் இரண்டும் ஒரே உயரம்தான். நடப்பில் அப்படியா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. இப்போது உங்கள் நிறுவனத்தில் பிரின்சிபல் டிசைனர் என்று யாராவது உண்மையிலேயே இருக்கிறாரா, அவருக்கு மேனேஜருக்கு இணையான சம்பளம் தருகிறார்களா, முக்கியமான முடிவு எடுக்கும் கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிடுகிறார்களா என்று விசாரியுங்கள். அப்படி ஒருவர்கூட இல்லையென்றால் அங்கே இரண்டாவது ஏணி இல்லை. அதற்காக லீட் பதவியை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை; அந்த ஏணி உள்ள வேறு இடத்தைத் தேடலாம்.

இனி முதல் பயம். குழுவை நடத்துகிறவர் கையால் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. 1972இல் லண்டனில் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய பென்டகிராம் டிசைன் நிறுவனத்தின் அமைப்பே இதற்கு நல்ல உதாரணம். அங்கே மேலே ஒரு தலைமை அதிகாரி உட்கார்ந்து எல்லோரையும் ஆள்வதில்லை. பார்ட்னர்கள் எல்லோரும் வேலை செய்கிற டிசைனர்கள். ஒவ்வொருவரும் தனக்கென ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு, க்ளையன்டிடம் தானே பேசி, வேலையையும் தானே நடத்துகிறார். ஆனால் எல்லா இடத்திலும் இது நடக்காது. நான்கு பேர் வரை உங்கள் நேரத்தில் ஏறக்குறைய பாதியைச் சொந்த டிசைனுக்கு வைத்துக்கொள்ள முடியும் என்பது என் கணக்கு. ஏழெட்டுப் பேர் ஆனதும் அது கரைந்துவிடும். அதற்குக் காரணம் எளிய கூட்டல்தான். ஐந்து பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் இணைகள் 10. பத்துப் பேர் ஆனால் அது 45. ஆள் இரண்டு மடங்கானால் பேச்சு நான்கு மடங்குக்கும் மேல் கூடுகிறது, அதில் பெரும்பகுதி உங்கள் காதில்தான் வந்து விழும்.

ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது டிசைனா மேனேஜ்மென்ட்டா என்பதை அல்ல. எந்த வகை முடிவுகளை நாள் முழுக்க எடுக்க உங்களுக்குப் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தத் துறையில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கைத்திறனுக்குத்தான் சம்பளம். அதற்குப் பிறகு நிறுவனம் உங்களிடம் வாங்குவது முடிவுகளை. எந்தப் பிரச்சினையை முதலில் எடுப்பது, எதைக் கைவிடுவது, எது ‘போதும்’ என்று நிறுத்துவது என்பவைதான் அவை. ஸ்டாஃப் டிசைனர் ஆனாலும் லீட் ஆனாலும் இதே கதைதான். ஒருவர் அந்த முடிவைப் பொருளின் மீது எடுக்கிறார், மற்றவர் ஆட்களையும் அவர்கள் நேரத்தையும் வைத்து எடுக்கிறார்.

உங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவையும் இது மாற்ற வேண்டும். ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவரின் போர்ட்ஃபோலியோவில் அழகான ஸ்கிரீன்கள் இருக்கும் என்பது ஆள் எடுப்பவருக்குத் தெரியும். அதைப் பார்த்து யாரும் அசந்துபோவதில்லை. மூன்று நான்கு வேலைகள் போதும். ஒவ்வொன்றிலும் வந்து நின்ற சிக்கல் என்ன, என்னென்ன வழிகள் இருந்தன, எதை ஏன் விட்டீர்கள், வெளியான பிறகு என்ன ஆனது என்று சொல்லுங்கள். விட்டுவிட்ட வழிகளைக் காட்டுவதுதான் அதிகம் பேசும். ஆய்வு, வயர்ஃப்ரேம் (கோட்டு வரைவு), புரோட்டோடைப் (மாதிரி), இறுதி வடிவம் என்று ஒரே வரிசையில் எல்லா வேலையையும் சொல்லும் போர்ட்ஃபோலியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நிஜத்தில் எந்த வேலையும் அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. படிப்பவருக்கும் அது தெரியும். குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். கேட்டபின் விளக்குவது நன்றாக இருக்காது.

முடிவு எடுப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். கூகுளில் விஷுவல் டிசைன் குழுவை நடத்திய டக்ளஸ் போமன் 2009இல் அங்கிருந்து விலகியபோது காரணத்தை வெளிப்படையாக எழுதினார். இரண்டு நீல நிறங்களில் எது என்று முடிவு செய்ய முடியாமல், அவற்றுக்கு இடையிலுள்ள 41 நீலங்களைச் சோதித்துப் பார்த்தார்கள் என்றும், ஒரு பார்டர் 3 பிக்சலா, 4 பிக்சலா, 5 பிக்சலா என்பதற்குக்கூட நிரூபணம் கேட்டார்கள் என்றும் அதில் இருந்தது. இதைத் தரவுக்கு எதிரான கதையாக டிசைனர்கள் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் பக்கத்தில் நிறத்தைச் சோதிப்பது பைத்தியக்காரத்தனம் ஒன்றுமில்லை. சிக்கல், எல்லா முடிவுக்கும் ஒரே அளவு நிரூபணம் கேட்கும் சூழல்தான். ஒருவரின் டிசைன் தீர்ப்பை நம்பும் பழக்கம் மேலே இல்லாதபோது, சின்ன விஷயமும் வழக்காடு மன்றத்துக்குப் போகும். அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைப்பது லீடின் வேலை.

அதற்கு நான் கண்ட சிறந்த வழி, முடிவுகளை எழுதி வைப்பது. அரைப்பக்கம் போதும். பிரச்சினை இது, யோசித்த வழிகள் இவை, இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இது, தவறிப்போனால் எதில் தெரியும் என்று நான்கு பத்தி. ஆறு மாதம் கழித்து ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று யாராவது கேட்டால் நினைவைத் தோண்ட வேண்டாம். அப்புறம், உங்கள் கணிப்புகளில் எத்தனை சரியாக வந்தன என்பதும் அதிலேயே பதிவாகியிருக்கும். எதை உருவாக்குவது என்று திட்டமிடும் புராடக்ட் மேனேஜர் உங்கள் பேச்சை நம்பத் தொடங்குவது அந்தப் பழைய குறிப்புகளைப் பார்த்துத்தான், மீட்டிங்கில் நீங்கள் எவ்வளவு உறுதியாகப் பேசினீர்கள் என்பதைப் பார்த்து அல்ல.

சரி, ஏற்றுக்கொண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கவனிக்க வேண்டியது எது என்று கேட்டால், கிரிட்டிக் என்பேன். வாரம் ஒருமுறை குழு உட்கார்ந்து ஒருவர் வேலையை மற்றவர்கள் பார்த்துப் பேசும் அந்த ஒரு மணி நேரம். டிசைன் சிஸ்டம் (பொத்தான், நிறம் போன்ற பொதுக் கூறுகளின் தொகுப்பு), வளர்ச்சித் திட்டம் எல்லாம் பிறகு வரலாம். கிரிட்டிக் கெட்டுப்போன குழுவில் வேறு எதுவும் நன்றாக நடந்து நான் பார்த்ததில்லை.

பெரும்பாலும் அது கெடுவது தொடக்கத்திலேயே. டிசைனர் தான் வரைந்த ஃபைலை ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் திறந்து ‘இதுதான் நான் செய்தது, என்ன நினைக்கிறீர்கள்?’ என்கிறார். இந்தக் கேள்விக்கு யாரும் எதையும் சொல்லலாம், சொல்வார்கள். ஒருவர் ஐகானைப் பற்றி, இன்னொருவர் நிறத்தைப் பற்றி, மூன்றாமவர் போட்டி நிறுவனத்தின் ஆப்பில் எப்படி இருக்கிறது என்று. காட்டுகிறவர் இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்ல வேண்டும் என்று வழக்கப்படுத்துங்கள். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, தனக்கு எதில் சந்தேகம். ‘இன்னும் வரைவுதான், நிறம், எழுத்து எதையும் பார்க்க வேண்டாம். பணம் செலுத்தும் படியை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். முதல் ஸ்கிரீனிலேயே மொத்தத் தொகை தெரியாதது பயனரைக் குழப்புமா என்பதுதான் என் கேள்வி’ என்று ஒருவர் தொடங்கினால், அந்த ஒரு மணி நேரம் வீண்போகாது.

அடுத்தது, யார் முதலில் பேசுவது. நீங்கள் கடைசியில் பேசுங்கள். லீட் வாயைத் திறந்ததும் மற்றவர்களின் கருத்து அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இது யாருடைய குற்றமும் இல்லை, பதவியின் எடை அப்படி. கூட்டத்தில் பேசத் தயங்குகிறவர்களுக்காக முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் ஃபைலிலேயே கமென்ட் எழுதட்டும், பேச்சு அதற்குப் பிறகு. நன்றாகப் பேசத் தெரிந்தவரின் கருத்தும் நன்றாகக் கவனித்தவரின் கருத்தும் ஒன்றல்ல என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதைத் தடை செய்ய வேண்டியதில்லை. சில நேரம் அது உண்மையான எச்சரிக்கை. ஆனால் அதோடு நிறுத்த விடாதீர்கள். யாருக்கு, எந்த வேலையைச் செய்யும்போது, எங்கே தடுக்கும் என்று தொடர்ந்து கேளுங்கள். அதேபோல் அளந்து பார்க்கக்கூடிய எதையும் விவாதத்துக்கு எடுக்க வேண்டாம். சாம்பல் எழுத்து வெளிறியிருக்கிறதா என்று அரை மணி நேரம் பேசுகிற குழுக்கள் உண்டு. வெப் அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் ஏஏ நிலை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 கான்ட்ராஸ்ட் (ஒளிர்வு வேறுபாட்டு விகிதம்) வேண்டும் என்கிறது, பெரிய எழுத்துக்கு 3:1. அளந்து பார்த்தால் முடிந்தது. இப்படித் தீரக்கூடியவற்றை ஒரு பட்டியலாக்கி, கிரிட்டிக்குக்கு வருவதற்கு முன்பே சரிபார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கிரிட்டிக் ஓட்டெடுப்பும் இல்லை. வந்த கருத்துகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது டிசைனரின் உரிமை. கட்டாயம் மாற்றியே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும் ஒன்றிரண்டு இருந்தால், அவற்றை ‘இது யோசனை இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும், காரணம் இது’ என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். புதிய லீடுகள் பலர் இங்கே மென்மையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ‘இப்படியும் முயன்று பார்க்கலாமே’ என்பார்கள். எதிரில் இருப்பவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார். அடுத்த வாரம் லீட் முகம் சுளிப்பார். டிசைனரைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்களுக்குப் பிடித்த வேலை ஸ்கிரீன் முன் உட்காருவது என்றீர்கள். அதனால் ஒரு குறிப்பிட்ட எச்சரிக்கை. டெட்லைனுக்கு முந்தைய இரவு, குழுவில் ஒருவரின் ஃபைலைத் திறந்து நீங்களே சரிசெய்துவிட வேண்டும் என்று கை அரிக்கும். வேலை அழகாக முடியும், க்ளையன்டும் பாராட்டுவார். ஆனால் காலையில் ஃபைலைத் திறப்பவருக்கு அது தன் வேலையாக இருக்காது. இது இரண்டு மூன்று முறை நடந்தால் அவர் முழு முயற்சி போடுவதை நிறுத்திவிடுவார், எப்படியும் மாற்றத்தானே போகிறார்கள் என்று. வேறு வழியே இல்லை என்றால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், அல்லது தனி நகலில் வரைந்து காட்டி, எடுத்துக்கொள்வதை அவரிடம் விடுங்கள். உங்கள் கைத்திறனுக்குத் தனித் தீனி வேண்டும். யாரும் காத்திருக்காத, டெட்லைன் இறுக்காத வேலை ஒன்றை உங்களுக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. டிசைன் சிஸ்டத்தில் ஒரு பகுதி, எதிர்காலத்துக்கான ஒரு பரிசோதனை என்று எதுவாகவும் இருக்கலாம். குழு உங்களுக்காகக் காத்துக் கிடக்கும் முக்கியப் பாதையில் மட்டும் நீங்கள் உட்காராதீர்கள்.

பெயர் யாருக்குப் போகிறது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜெர்மன் டிசைனர் டீட்டர் ராம்ஸ் 1955இல் வீட்டு மின்சாதனங்கள் செய்யும் பிரவுன் நிறுவனத்தில் சேர்ந்தார். 1961இலிருந்து 1995 வரை அதன் டிசைன் பிரிவுக்குத் தலைவர். உலகம் ‘ராம்ஸ் டிசைன்’ என்று கொண்டாடும் பொருள்களில் பல கூட்டு வேலைகள். 1956இல் வந்த, கண்ணாடி போன்ற மூடி வைத்த எஸ்கே 4 ரேடியோ-ரெக்கார்ட் பிளேயரில் ஹான்ஸ் குகெலோட் என்ற டிசைனருக்கும் பங்கு உண்டு. பிரவுன் கடிகாரங்களிலும் 1987இல் வந்த ஈடி 66 கால்குலேட்டரிலும் டீட்ரிச் லுப்ஸ் என்ற டிசைனரின் கை இருக்கிறது. தலைவரின் பெயர் புகழடைந்தால் மற்றப் பெயர்கள் தானாகவே மங்கும், அதற்கு யாரும் சதி செய்யத் தேவையில்லை. அதனால் எதிர்த்திசையில் தெரிந்தே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மேலிடத்துக்குக் காட்டும் ஸ்லைடில் செய்தவர் பெயர் இருக்கட்டும். முடிந்தால் அவரே வந்து காட்டட்டும். கடினமான கேள்வி வரும்போது மட்டும் நீங்கள் நடுவில் நில்லுங்கள்.

குழுவில் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசும் ஒன்-ஆன்-ஒன் சந்திப்புகளைப் பற்றி நிறையச் சொல்வார்கள். என் பங்குக்கு ஒன்றுதான்: அதை வேலை நிலவரம் கேட்கும் நேரமாக ஆக்கிவிடாதீர்கள். நிலவரம் சாட் மெசேஜிலேயே தெரிந்துவிடும். வேலை சரியில்லாத ஒருவரிடம் பேச வேண்டியிருந்தால் ஆண்டு மதிப்பீடு வரை காத்திருக்காமல் அந்த வாரமே, குறிப்பிட்ட ஒரு ஃபைலை, குறிப்பிட்ட ஒரு மீட்டிங்கை வைத்துப் பேசுங்கள்.

ஆள் எடுக்கும் பொறுப்பும் உங்களிடம் வரும். விண்ணப்பிப்பவரிடம் உங்கள் நிறுவனத்தின் நிஜப் பிரச்சினையைக் கொடுத்து, வார இறுதியில் இலவசமாக டிசைன் செய்து வரச் சொல்லும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த முயலுங்கள். அது நியாயமில்லை என்பதோடு பயனும் குறைவு. நேரம் இருப்பவர் யார் என்றுதான் அதில் தெரியும், நன்றாகச் சிந்திப்பவர் யார் என்று தெரியாது. அவர் ஏற்கெனவே செய்த வேலை ஒன்றை எடுத்து, ‘இதற்கு இன்னும் இரண்டு வாரம் கிடைத்திருந்தால் எதை மாற்றியிருப்பீர்கள்? நேரம் பாதியாகக் குறைந்திருந்தால் எதை விட்டிருப்பீர்கள்?’ என்று கேட்டால் போதும், பேச்சு தானாக விரியும்.

டெவலப்பர்களோடும் புராடக்ட் மேனேஜரோடும் உறவு எப்படி இருக்கிறது என்பது உங்கள் குழுவின் டிசைன் எவ்வளவு வெளியே வரும் என்பதைத் தீர்மானிக்கும். வரைந்து முடித்த பிறகு டெவலப்பரிடம் கொடுப்பதைவிட, பாதி வரைந்த நிலையில் காட்டுவது மேல். பயனர் ஆய்வுக்கு நேரமில்லை என்ற பதில் அடிக்கடி வரும். அப்போது சிறிய சோதனையைக் கேளுங்கள். ஒரே வகைப் பயனர்களில் ஐந்து பேரைச் சோதித்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டித் தருகிறார் என்று அவரும் சக ஆய்வாளரும் முன்பு போட்ட கணக்கிலிருந்து வந்தது அது. எல்லாப் பொருளுக்கும் இந்த எண் பொருந்தாது என்ற விவாதம் உண்டு. சிக்கலைக் கண்டுபிடிக்க மட்டும்தான் இது, எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கணிக்க அல்ல. ஆனாலும் ‘ஐந்து பேர், இரண்டு நாள்’ என்று கேட்டால் மறுப்பது கடினம்.

கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஏஐ பற்றிய கவலை கேள்விக்குப் பின்னால் இருக்கும் என்று ஊகிக்கிறேன். டிசைன் மென்பொருள்களில் ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது, ஸ்கெட்ச் 2010இல், ஃபிக்மா 2016இல் எல்லோருக்கும் திறந்தது. ஒவ்வொரு முறையும் வரையும் வேகம் கூடியது, எதை வரைவது என்ற கேள்வி அப்படியே நின்றது. இந்த முறை ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜூனியர்கள் கற்றுக்கொண்டதே இருபது விதமாக வரைந்து பார்த்துத்தான். அந்த இருபதையும் இயந்திரம் சில நிமிடங்களில் கொடுத்துவிட்டால், நல்லதையும் சுமாரானதையும் பிரித்தறியும் கண் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? இதற்கு முடிந்த பதில் யாரிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நான் செய்வது, ஜூனியர்களைப் பயனர் சோதனைகளில் முதல் நாளிலிருந்தே உட்காரவைப்பது. தான் நம்பிய ஸ்கிரீனில் ஒருவர் திணறுவதைப் பார்ப்பது கண்ணை வேகமாகத் தீட்டும். இயந்திரம் கொடுத்த வடிவங்களில் எதை ஏன் ஒதுக்கினார் என்றும் அவரையே எழுதச் சொல்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், ‘சரி’ என்று சொல்வதற்கு முன் உங்கள் மேலாளரிடம் உட்கார்ந்து நான்கு விஷயங்களைப் பேசிக்கொள்வேன். குழுவில் ஆள் எடுப்பதிலும் சம்பள உயர்விலும் என் சொல்லுக்கு இடம் உண்டா? வேலை அளவுக்கு மீறி வந்தால் மறுக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா? என் சொந்த டிசைன் வேலையில் பாதியைக் குறைப்பீர்களா, அல்லது அதுவும் முழுதாக, லீட் வேலையும் முழுதாகவா? ஆறு மாதம் கழித்து இது எனக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால், சம்பளம் குறையாமல் பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா? முதல் மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால், உங்களுக்குக் கிடைப்பது பட்டமும் கூடுதல் மீட்டிங்குகளும்தான், மறுத்துவிடலாம். நான்காவதற்கு ‘முடியும்’ என்று மின்னஞ்சலில் எழுதித் தந்தால், தயங்காமல் ஏற்றுக்கொண்டு பாருங்கள்.